வீடு அங்கே, நான் இங்கே

ஆறு வாரமாக வாடகைக்கு வீடு தேடுகிறேன். தெருத்தெருவாக அலைந்து இல்லை, ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் போனைக் கையில் எடுத்தால் கண் எரியும்வரை அதிலேயேதான். புது வேலை வேறு ஊரில். ஒருமுறை போய் வரவே இரண்டு நாள் வேண்டும், இங்கே வேலையை விடும் நாள்வரை லீவு கிடையாது. அம்மாவும் கூட வருகிறார், அவருக்கு முழங்கால் வலி. போய் ஒரு ரூம் எடுத்துத் தங்கிக்கொண்டு நிதானமாகத் தேடு என்று பலரும் சொன்னார்கள். தனியாள் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். அம்மாவையும் மூட்டை முடிச்சையும் இரண்டு முறை இடம் மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

முதலில் படங்கள். ஒரு ஹால் பார்த்தேன், அப்படி ஒரு விசாலம். பிடித்துப்போய்த் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலாவது நாளோ என்னவோ, வலது ஓரத்தில் சுவரில் மாட்டியிருந்த வட்டக் கடிகாரம் முட்டை மாதிரி நீண்டிருப்பது கண்ணில் பட்டது. அகலக் கோண லென்ஸ் செய்கிற வேலை அது. இப்போது நிறைய போன்களில் 0.5 என்று ஒன்று இருக்கிறதே, அதில் எடுத்தால் கிட்டத்தட்ட 120 டிகிரிக்கு இருப்பதெல்லாம் ஒரே படத்துக்குள் வந்துவிடும், எதிர்ச்சுவர் தள்ளிப் போன மாதிரி தெரியும், ஓரத்தில் இருக்கிற பொருள் எல்லாம் பக்கவாட்டில் இழுபடும். அன்றிலிருந்து எந்தப் படத்திலும் ஓரத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். சதுர அடி கணக்கும் இப்படித்தான். சுவருக்குள் நாம் நடமாடுகிற இடம் மட்டுமா, சுவரின் கனம், பால்கனி, படிக்கட்டில் நம் பங்கு எல்லாம் சேர்த்தா என்று நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு அறையையும் டேப் வைத்து அளந்து அனுப்பச் சொல்லி ஒன்பது பேரிடம் கேட்டேன், அனுப்பியவர் ஒரே ஒருவர்.

பிடித்த வீட்டுக்குப் போன் செய்தால் "அது நேத்தே போயிடுச்சு மேடம், வேற ஒண்ணு இருக்கு, பாக்கறீங்களா?" மூன்று வாரம் கழித்தும் அதே விளம்பரம் அதே படத்தோடு அங்கேயே இருக்கிறது. எடுத்துவிட ஒரு நிமிடம் ஆகுமா? ஆள் பிடிப்பதற்காகவே விட்டுவைக்கிறார்கள் என்பதுதான் கோபம்.

பணமும் போகப் பார்த்தது. வாடகை அந்தப் பகுதியில் மற்றவர்கள் சொல்வதில் பாதி. ஓனர் வெளிநாட்டில் இருக்கிறாராம், அட்வான்ஸ் அனுப்பிவிட்டால் சாவி கூரியரில் வருமாம், இன்றைக்கே அனுப்பாவிட்டால் வேறு ஆள் காத்திருக்கிறாராம். நான் இருந்த களைப்பில் அனுப்பியே இருப்பேன். தோழிதான் அந்தப் படத்தைப் போட்டு இணையத்தில் தேடிப் பார்க்கச் சொன்னாள். அதே சமையலறை, அதே நீல டைல்ஸ், வேறு ஏதோ ஊரில் ஒரு தங்கும் விடுதியின் இணையப் பக்கத்தில் இருந்தது. தூரத்திலிருந்து தேடுகிற யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கேளுங்கள்: நேரலையில் வீட்டைத் திறந்து காட்டாதவருக்கு ஒரு காசுகூட அனுப்பாதீர்கள். வீட்டுப் பத்திரத்தில் இருக்கிற பெயரும் பணம் போகிற கணக்கின் பெயரும் ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

அப்புறம் வீடியோ கால். புரோக்கர் ஓட்டமும் நடையுமாக "இது ஹாலு, இது கிச்சன், இது பாத்ரூம், அவ்ளோதான் மேடம்" என்று இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார். லிஃப்டில் ஏறிக் காட்டச் சொன்னேன், காட்டினார், நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அந்த லிஃப்டுக்குப் போவதற்கே வாசலில் எட்டுப் படி ஏற வேண்டும், அதை அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. படுக்கையறை ஜன்னலைத் திறந்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள் என்றேன். நின்றார். ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அந்த அமைதி அவ்வளவு பிடித்திருந்தது, அம்மாவிடம் கூடச் சொல்லிவிட்டேன்.

தோழி நேரில் போய்ப் பார்த்தாள். ஜன்னலுக்கு நேர் கீழே பேருந்துகள் திரும்பும் இடம், அறைக்குள் கத்திப் பேச வேண்டியிருந்ததாம். விசாரித்தபோதுதான் தெரிந்தது, பல வீடியோ கால் செயலிகள் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு பின்னணி இரைச்சலை வடிகட்டிவிடுகின்றன. அலுவலகக் கூட்டத்துக்கு அது வரம். வீடு பார்க்கிறவளுக்கு, தெரிய வேண்டியதையே அழித்துவிடுகிறது. இப்போதெல்லாம் வீடியோ கால் வேண்டாம், போன் கேமராவில் சாதாரணமாகப் பதிவு செய்து அனுப்புங்கள், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று கேட்கிறேன்.

அந்த வீட்டில் இன்னொன்றும் பார்த்தாள். ஒரு சுவரில் மட்டும் இடுப்பு உயரத்துக்குப் புதுப் பெயிண்ட். கை வைத்தால் சில்லென்று ஈரம், உள்ளே நுழைந்ததுமே பூஞ்சை வாடை. எந்தக் கேமரா வாடையைக் காட்டும்?

கூகுளின் தெருப் படங்களையும் நம்பித்தான் இருந்தேன். 2007-லிருந்து இருக்கிற வசதி, வீட்டு வாசல்வரை நடந்து பார்த்த மாதிரி இருக்கும். படம் எடுத்த மாதமும் வருடமும் அதிலேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கும். இன்னொரு வீட்டுக்கு நான் அதைக் கவனிக்கவில்லை. படத்தில் காலி மனையாக இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி நிற்கிறதாம், ஜன்னலிலிருந்து கை நீட்டினால் தொடலாமாம்.

"நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். வர முடிந்தால் வரமாட்டேனா? எனக்கு வேண்டியது ஒரு கால் மணி நேரம் அந்த வீட்டுக்குள் பொறுமையாக நிற்க, எனக்காக அக்கறைப்படுகிற ஒரு ஆள். தோழி தன் விடுமுறையை எல்லாம் இதற்கே கொடுத்துக்கொண்டிருக்கிறாள், இந்தக் கடனை எப்படி அடைப்பேன் என்று தெரியவில்லை.

முட்டைக் கடிகாரம் மாட்டியிருந்த அந்த ஹால் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அளந்து அனுப்பிய அந்த ஒருவர் அந்த வீட்டுக்காரர்தான். படத்தில் தெரிந்ததைவிட ஹால் சின்னது, ஆனால் எங்கள் இருவருக்கும் போதும். சனிக்கிழமை அவள் போகிறாள். வாசலிலிருந்து லிஃப்டுவரை படி எத்தனை என்று எண்ணச் சொல்லியிருக்கிறேன், சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து தண்ணீர் எப்படி வருகிறது என்றும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் அவர் வேறு யாருக்கும் கொடுத்துவிடாமல் இருக்க வேண்டும்.