எதிர்வீட்டுச் சாக்சபோன்

2005 ஜனவரியில் பிலடெல்பியாவில் வந்து இறங்கினேன். மருத்துவமனை ஆய்வகத்தில் இரவுப் பணி. ரத்த மாதிரிகளைச் சுழற்றும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே அலமாரி மேலிருந்த சிறிய வானொலி விடியும்வரை ஒலிக்கும். 106.1 பண்பலை. பெரும்பாலும் சொற்கள் இல்லாத பாட்டு. ஒரு சாக்சபோன், அடியில் பாஸ் கிதார், அவசரமே இல்லாத டிரம்ஸ். "இதற்கு ஸ்மூத் ஜாஸ் என்று பெயர்" என்றார் உடன் வேலை பார்த்த மூத்த அம்மையார். ஜாஸை இழைப்புளி போட்டு இழைத்து எடுத்தது போல எனக்குப் பட்டது. அதுவரை சாக்சபோன் என்றால் கத்ரி கோபால்நாத்தைத்தான் தெரியும். ஆனாலும் அந்தக் குளிர்கால இரவுகளில் என்னோடு தமிழ் பேசாமல் பேசியது அந்த வானொலிதான்.

என் தாய்மாமா திருவாரூர்ப் பக்கத்தில் நாயனம் வாசித்தவர். கல்யாண வீட்டில் அவர் தோடியை இழைத்துக்கொண்டிருப்பார். பந்தலில் இருப்பவர்கள் நகை விலை பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் ஒரு நொடி தாமதமானால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் மாமா வீட்டில் அடுப்பு தயங்கித்தான் எரியும். பேசிய தொகையைக் குறைத்துக் கொடுத்து அனுப்பிய வீடுகளின் பெயரை அத்தை கடைசிவரை மறக்கவில்லை.

இந்த ஊரின் ஸ்மூத் ஜாஸ் கலைஞர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தொடங்கியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அத்தையின் அந்தப் பட்டியல்தான்.

பிலடெல்பியாவில் இந்த இசையைப் பேசத் தொடங்கினால் சாக்சபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரில்தான் போய் நிற்க வேண்டும். 1943-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் பிறந்தவர். ராணுவ சேவை முடிந்ததும் இங்கே குடியேறினார். அவரும் வந்தேறிதான் என்று அறிந்ததும் எனக்கு ஒரு நெருக்கம் உண்டாகிவிட்டது. இசைத்தட்டு மொத்த விற்பனை நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே மற்றவர்களின் ஒலிப்பதிவுகளில் வாசித்தார். 1971-இல் ஒரு தொகுப்புக்கு வாசிக்க வேண்டிய ஹாங்க் கிராஃபோர்ட் என்ற சாக்சபோன் கலைஞர் வர முடியாமல் போக, அந்த நாற்காலி இவருக்குக் கிடைத்தது. 'இன்னர் சிட்டி புளூஸ்' என்ற அந்தத் தொகுப்பு வெளிவந்ததும் விற்பனை நிறுவன வேலை தேவைப்படவில்லை. 1980-இல் வந்த 'வைன்லைட்' தொகுப்பு உலகம் சுற்றியது. பில் விதர்ஸ் பாடிய 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' பாட்டு அதில்தான் இருக்கிறது. அவ்வளவு புகழ் வந்த பிறகும் அவர் நியூயார்க்குக்கோ லாஸ் ஏஞ்சலிசுக்கோ குடிபோகவில்லை. கூடைப்பந்து ஆட்டத்துக்கு முன்னால் அரங்கில் நின்று சாக்சபோனில் தேசிய கீதம் வாசித்தார். 1999 டிசம்பர் 17 அன்று நியூயார்க்கில் தொலைக்காட்சிப் பதிவை முடித்த கையோடு மயங்கி விழுந்து இறந்தார். வயது 56. பிராட் தெருவும் டயமண்ட் தெருவும் சந்திக்கும் இடத்தில் ஒரு சுவர் முழுக்க அவர் ஓவியம் இருக்கிறது. முதன்முறை அதன் முன்னால் நின்றபோது இரண்டு பஸ்களைத் தவறவிட்டேன்.

2006 ஆகஸ்டில் ஒரு நாள் ஆய்வகத்து வானொலியில் வேறு பாட்டு கேட்டது. யாரோ முள்ளைத் திருப்பிவிட்டார்கள் என்று நினைத்தோம். முள் நகரவில்லை, நிலையம் மாறிவிட்டது. அதே பெயரோடு 97.5-இல் அது திரும்பி வந்தது. 2008 செப்டம்பரில் அதுவும் நின்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் நிலையமும், 2009 மே மாதம் சிகாகோ நிலையமும் இந்த இசையைக் கைவிட்டன.

காரணங்களில் ஒன்று என்னை இன்னமும் வதைக்கிறது. முன்பெல்லாம் நேயர்கள் தாங்கள் கேட்ட நிலையத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதித் தருவார்கள். அதை வைத்தே விளம்பரக் கட்டணம் முடிவாகும். 2007 முதல் அதற்குப் பதிலாக இடுப்பில் மாட்டும் சிறு கருவி வந்தது. ஒலிபரப்பில் காதுக்குக் கேட்காமல் பொதிந்திருக்கும் குறியீட்டை அது தானே பதிந்துகொள்ளும். முதலில் நடைமுறைக்கு வந்த நகரங்களில் பிலடெல்பியாவும் ஒன்று. குறிப்பேட்டில் 'நாள் முழுதும் கேட்டேன்' என்று அன்போடு எழுதியவர்களின் கணக்கு, கருவியில் சுருங்கிப்போனது. பந்தலில் நாயனம் கேட்கிறவர்களை எண்ண ஒரு கருவி வைத்திருந்தால் மாமாவுக்கு எத்தனை பேர் தேறியிருப்பார்கள்? கேட்கிறோம் என்று அறியாமலே கேட்பதும் கேட்பதுதான் என்று நான் நம்புகிறேன். அந்தக் கருவிக்கு அதை அளக்கத் தெரியவில்லை.

வானொலி போனதால் என்ன ஆனது என்பதை எதிர்வீட்டுக்காரரிடமிருந்து அறிந்தேன். 2007-இல் பிலடெல்பியாவின் ஜெர்மன்டவுன் பகுதியில் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றுக்குக் குடிவந்தோம். மாலை நான்கு மணிக்கு எதிர்வீட்டு மாடியிலிருந்து சாக்சபோன் சாதகம் கேட்கும். பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். இந்தத் தெருவில் பெரியவர்களை 'மிஸ்டர்' சேர்த்து முதற்பெயர் சொல்லி அழைப்பார்கள், நானும் அப்படித்தான். அவருக்கு நான் 'நெய்பர்'.

"வானொலியில் ஒரு பாட்டு சுற்றினால் போதும், நான்கு ஊர்களிலிருந்து அழைப்பு வரும். இப்போது நாங்களே ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது, நாங்கள் இருக்கிறோம் என்று" என்றார். பெரிய பெயர்களுக்குக் கப்பல் பயணக் கச்சேரிகள் இருக்கின்றன. 1991 முதல் ரெடிங் நகரில் நடக்கும் பெர்க்ஸ் ஜாஸ் விழா இருக்கிறது. இவரைப் போன்றவர்களுக்கு வெள்ளி இரவு உணவகம், சனிக்கிழமை கல்யாணம், ஞாயிறு காலை சர்ச். சர்ச்சில் அவர் வாசித்துக் கேட்டிருக்கிறேன். அங்கே ஒருவரும் பேசவில்லை.

அவர்தான் என்னைத் தெற்கு பிராட் தெருவில் உள்ள கிளெஃப் கிளப்புக்கு அழைத்துப்போனார். வெள்ளையர் சங்கத்தில் இடமில்லாத கறுப்பின இசைக் கலைஞர்கள் 1935-இல் தங்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் அமைத்தார்கள், 274-ஆம் கிளை. கூலி பேசவும், பேசிய கூலியை வாங்கவும் அது துணை நின்றது. அதன் கிளையாக 1966-இல் பிறந்ததுதான் இந்த மன்றம். 1971-இல் சங்கம் போய்விட்டது, மன்றம் நிற்கிறது, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறது. மாமாவுக்கு இப்படி ஒரு கதவு இருந்திருந்தால் என்று வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ஒருமுறை ஊரிலிருந்து திரும்பியபோது மாமாவின் நாயனத்தில் வாய்வைத்து ஊதும் பழைய சீவாளி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினேன். காவிரிக்கரைக் கொறுக்கைத் தட்டையில் செய்தது. அவர் தன் சாக்சபோன் ரீடைக் கழற்றி அருகில் வைத்தார். இரண்டும் நாணல். இரண்டையும் எச்சிலில் நனைத்துத்தான் வாசிக்க வேண்டும். வெகுநேரம் சீவாளியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மகள் இப்போது அவரிடம் கற்கிறாள். சனிக்கிழமை காலை, ஒரு மணி நேரம், நாற்பது டாலர். அண்டைவீடு என்பதற்காகக் குறைக்கிறேன் என்றார், நான் சம்மதிக்கவில்லை. முதல் வாரம் உறையைப் பிரித்து எண்ணிவிட்டு, ஒரு டாலர் கூடுதலாக இருக்கிறது என்று திருப்பித் தந்தார். எங்கள் ஊரில் கலைஞருக்கு முழுத்தொகையாகக் கொடுத்து முடிக்கமாட்டோம், ஒரு ரூபாய் சேர்த்து வைப்போம், அது அடுத்த வாசிப்புக்கான தொடக்கம் என்றேன். அவர் அதை வாங்கிக்கொண்டார்.

போன மாதம் மகள் சொன்னாள்: அந்த ஒரு டாலர் தாள்களை அவர் செலவழிப்பதில்லையாம். சாக்சபோன் பெட்டியின் உள்பையில், ரீட் டப்பாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறாராம்.