விரல் பாண்டி

விரல் பட்டதை உணரும் தொடு உணரியைப் பற்றி நாலு நாள் படிப்பதைவிட, அதை வைத்து ஒரு பாண்டி ஆட்டம் செய்து பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்துவிடலாம். டெமோ காட்டும்போது நாமே பார்த்துப் பார்த்துத் தொடுவோம், குறை தெரியாது. ஆடுகிறவர் அந்தத் தாட்சண்யமெல்லாம் பார்ப்பதில்லை.

சாமான்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் கிடைக்கும்: ஒரு ஈஎஸ்பி32 போர்டு (தொடு உணரி உள்ளேயே இருக்கும் குட்டிக் கணினி), எல்இடி 6, 220 ஓம் ரெசிஸ்டர் 6, ஜம்பர் வயர், ஓசை எழுப்ப ஒரு பஸ்ஸர். பஸ்ஸரை பேசிவ் ரகமாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆக்டிவ் ரகம் ஒரே சுருதியில்தான் கத்தும். சமையலறை அலுமினியம் ஃபாயிலை 5 செ.மீ. சதுரங்களாக வெட்டி, 1 செ.மீ. இடைவெளியில் அட்டையில் ஒட்டலாம். ஃபாயிலில் வயரைப் பற்றவைக்க ஈயம் பிடிக்காது, முதலை கிளிப்தான் சரி.

தெருப் பாண்டிக்கு எட்டுக் கட்டம் போடுவார்கள், இங்கே ஆறுதான். போர்டில் தொடு பின்கள் (விரல் பட்டால் அளவீட்டு எண் இறங்கும் கால்கள்) பத்து இருந்தாலும் 0, 2, 12, 15 நான்கும் போர்டு ஸ்டார்ட் ஆகும்போது வேறு வேலை பார்ப்பவை. மிச்சம் 4, 13, 14, 27, 32, 33, ஃபாயில் கட்டத்துக்கு ஒன்று.

எல்இடி எரிகிற கட்டத்தில் சில்லு கிடப்பதாகக் கணக்கு, விரல் அதைத் தாண்ட வேண்டும். இரண்டு கட்டத்தில் ஒருசேரப் பட்டால் கோட்டை மிதித்த மாதிரி, அவுட்.

முதலில் சொதப்புவது ஓசை. ஒவ்வொரு தாவலுக்கும் 200 மில்லிசெகண்ட் டிலே (புரோகிராமை அப்படியே காக்கவைக்கும் கட்டளை) போட்டு பஸ்ஸரை ஒலிக்கவிட்டால், அதற்குள் விரல் அடுத்த கட்டத்தைத் தொட்டுவிட்டுப் போயிருக்கும். போர்டு அதைப் பார்த்திருக்காது. டிலேயை எடுத்துவிட்டு மில்லிஸ் (போர்டு ஓடத் தொடங்கியதிலிருந்து ஆன மில்லிசெகண்ட்) கணக்கில் ஓசையை நிறுத்த வேண்டும். 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படித்து, மூன்று அளவீடு தொடர்ந்து ஓர் எல்லை எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் தொட்டதாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நம்ம ஊர் வியர்வை. ஏசி அறையில் எழுதிவைத்த எல்லை எண், மே மாதத்து மொட்டைமாடியில் செல்லாது. அதனால் ஸ்டார்ட் ஆனதும் ஒவ்வொரு கட்டத்தையும் 50 முறை படித்துச் சராசரி எடுத்து, அதில் 70 சதவீதத்துக்குக் கீழே வந்தால் தொடுதல் என்று வைப்பது மேல். அந்த ஒரு நொடி யாரும் அட்டையில் கை வைக்கக் கூடாது. வயரும் நீளக் கூடாது, வயரே உணரியாகிவிடும்.

ஈஎஸ்பி32-இன் எஸ்3 ரகப் போர்டு வாங்கியவர்கள் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும்: அதில் தொட்டால் எண் ஏறும்.

பவர் பேங்கில் ஓட்டினால் ஆட்டம் பாதியில் அணையலாம். போர்டு இழுக்கும் கரண்ட் சொற்பம். போனைக் கழற்றிவிட்டார்கள் என்று பவர் பேங்க் நினைத்துக்கொள்கிறது.