வியன்னாவில் ஐந்து நாள், அக்கவுண்ட்ஸில் ஐந்து மாதம்

கான்ஃபரன்ஸுக்கு என் ஆய்வுப் பேப்பர் தேர்வானது, பிஎச்டி கைடு கையெழுத்துப் போட்டது, டிக்கெட் எடுத்தது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. வியன்னாவில் பதினைந்து நிமிடம் பேசினேன், இரண்டு கேள்வி வந்தது, சமாளித்தேன். கான்ஃபரன்ஸ் அவ்வளவுதான். பெங்களூரு திரும்பி, செலவழித்த பணத்தைக் கேட்டு எங்கள் நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸில் ஃபைலை நீட்டிய பிறகுதான் உண்மையான வைவா (வாய்மொழித் தேர்வு).

போகும்போது கெம்பேகவுடா விமான நிலையத்தில் கொடுத்த போர்டிங் பாஸைப் பத்திரமாக வைத்திருந்தேன். திரும்பும்போது கையில் சின்னப் பெட்டி மட்டும்தானே என்று வெப் செக்-இன் செய்து, மொபைலைக் காட்டி ஏறிவிட்டேன். இங்கே அக்கவுண்ட்ஸில் இருந்தவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "ஒரிஜினல் எங்கே?" என்றார். ஸ்கிரீன்ஷாட்டின் பிரிண்டைக் கொடுத்தேன். "இது ஃபோட்டோ. நீங்க திரும்பி வந்ததுக்கு என்ன ஆதாரம்?"

நான் அவர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் "நாளெ பன்னி" என்றார். கன்னடத்தில் 'நாளைக்கு வாங்க' என்று மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் தமிழ்க் காதோடு நாலு முறை அதைக் கேட்டுப் பாருங்கள், தெரியும். பேயைத் திருப்பி அனுப்ப வீட்டுக் கதவில் 'நாளெ பா' என்று எழுதி வைத்த ஊர் இது. பேய்க்கே அந்தக் கதி என்றால் பிஎச்டி மாணவி எம்மாத்திரம்!

லேபில் சீனியர் அக்காதான் வழி சொன்னார்: டிக்கெட் எண்ணைக் கொடுத்துக் கேட்டால், இன்னார் இந்த விமானத்தில் பயணம் செய்தார் என்று விமான நிறுவனமே சான்று தரும். விண்ணப்பித்து, இரண்டு நினைவூட்டல் அனுப்பி, மூன்று வாரம் கழித்து பிடிஎஃப் வந்தது. கொண்டுபோய் நீட்டினால், "சீல் இல்லையே." கடைசியில் பாஸ்போர்ட்டில் நம் ஊர் குடியேற்ற முத்திரை உள்ள பக்கத்தின் நகலையும் சேர்த்து, கைடு கையெழுத்தோடு ஒரு உறுதிமொழிக் கடிதமும் வைத்த பிறகுதான் ஃபைல் அந்த மேசையை விட்டு நகர்ந்தது. மொபைலைக் காட்டி ஏறினாலும் பரவாயில்லை, கவுண்டரில் கேட்டு ஒரு தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இடி, நான் பெருமையாக நினைத்திருந்த இடத்திலேயே விழுந்தது. ஆஸ்திரியா உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ. ஆனால் அறிவியல் கருத்தரங்குக்குப் போகும் ஆய்வாளர்களுக்கு அந்தக் கட்டணமே கிடையாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா விதித்தொகுப்பின் 16-வது பிரிவில் இருக்கிறது. நிறையப் பேர் இது தெரியாமல் கட்டிவிடுகிறார்கள். விசா மையத்தில் இருந்தவருக்கும் தெரியவில்லை; அழைப்புக் கடிதம், நான் ஆய்வாளர் என்று நிறுவனம் கொடுத்த கடிதம், அந்த விதியின் பிரிண்ட் மூன்றையும் காட்டியதும், அவர் உள்ளே போய்க் கேட்டு வந்து, சேவைக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டார். கோட்டையைப் பிடித்த சந்தோஷத்தில் வெளியே வந்தேன்.

அதே ரசீதைப் பார்த்துவிட்டு அக்கவுண்ட்ஸில் "விசாவுக்கு சைபர் எப்படி?" என்று ஃபைலைத் திருப்பி அனுப்பினார்கள். பணம் அதிகமாகக் கேட்டால் சந்தேகப்படலாம், கேட்காததற்கும் விளக்கம் கேட்டால் என்ன செய்வது? மறுபடியும் அதே 16-வது பிரிவு, மறுபடியும் ஒரு கடிதம்.

அங்கே கிருஷ்ணகிரிக்கார அட்டெண்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். "காலைல வந்து நிக்காதம்மா, மூணு மணிக்கு டீ முடிஞ்சதும் வா, அப்பதான் மனுஷனா இருப்பாங்க" என்றார். மூன்று மணிக்குப் போனேன். பத்தே நிமிடத்தில் கையெழுத்தாகிவிட்டது.

ஐந்தாவது மாதம் பணம் வந்தது. விமான நிலையத்துக்குப் போன வாயு வஜ்ரா பஸ் டிக்கெட்டுக்கு மட்டும் வரவில்லை. ஃபைல் மேசை மேசையாகச் சுற்றி வருவதற்குள் எழுத்து மங்கி, நான் இணைத்திருந்தது வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தது. அந்த மாதிரிச் சீட்டுகளை வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து விடுங்கள்.