காலை எட்டரைக்கு எழுதும் மழை

காவிரி டெல்டாவின் மழை இனி எப்படி மாறும் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. உலகம் முழுவதற்குமான காலநிலை மாதிரிகள், அதாவது காலநிலையைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் நிரல்கள், பெரும்பாலும் பூமியை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கின்றன. அவ்வளவு பெரிய கட்டத்தில் நாகப்பட்டினம் பாதி வயல், பாதி கடல். 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா வெறும் மேடாகிவிடும். அதனால் வட்டார மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு 25 கிலோமீட்டர் கட்டத்துக்கு இறங்கினேன்.

வருவதைக் கணிக்கும் முன், பெய்து முடிந்த மழையை மாதிரி சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வடகிழக்குப் பருவமழையின் மொத்த அளவு ஓரளவு ஒத்துப்போனது. நாள்வாரியாக வைத்துப் பார்த்தால் பொருந்தவே இல்லை. மேகங்களுக்கான சமன்பாடுகளைக்கூட மாற்றிப் பார்த்தேன். இரண்டு மாதம் போனது.

அப்புறம் டெல்டாவில் ஒரு மழைமானி நிலையத்துக்கே போனேன். அளவெடுப்பவர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "தம்பி, இன்னிக்குத் தேதியில எழுதுறது நேத்துக் காலை எட்டரையிலேர்ந்து இன்னிக்கு எட்டரை வரைக்கும் பெஞ்சது. முக்காவாசி நேத்து மழைதான்."

மாதிரியின் நாள் கிரீன்விச் நேரப்படி ஓடுகிறது. நமக்கு அது காலை 5.30க்குத் தொடங்கி மறுநாள் 5.30க்கு முடியும். அது தொடங்கும் நாளின் தேதியை நான் போட்டிருந்தேன். ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கத் தள்ளிப் போயிருந்தது! மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி தரும் வெளியீடுகளை எடுத்து, எட்டரைக்கு எட்டரை கூட்டி, முடியும் நாளின் தேதியைப் போட்டேன். பெருமழை நாட்கள் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

அவர்தான் பக்கத்து ஊர் விவசாயிகளிடமும் அழைத்துப் போனார். வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒருவர், "மொத்த மழைய வச்சு நாங்க என்ன பண்றது தம்பி? தையில அறுப்பு நேரத்துல பெய்யுமா, அதச் சொல்லுங்க" என்றார். 2021 பொங்கல் சமயத்து மழையில், விளைந்த சம்பா நெல் வயலிலேயே சாய்ந்ததைப் பார்த்தவர்.

வடகிழக்குப் பருவமழை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்பது வானிலைக் கணக்கு. ஜனவரி அதில் சேராது; என் ஆய்விலும் அதுவரை இல்லை. ஊர் திரும்பியதும் ஆய்வுத் திட்டத்தைத் திருத்தி ஜனவரியைச் சேர்த்தேன். இப்போது மாதிரி ஓடி முடிந்ததும் முதலில் திறப்பது அந்த மாதத்துக் கோப்பைத்தான்.