யாழ்ப்பாணத்தில் வீடு விற்க எந்த மாதம் சரி?

வீட்டை விலைக்குப் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாவைத்தான் கணக்கு வைக்கிறார்கள். நியாயமான கணக்குத்தான். வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையும் நல்லூரின் 25 நாள் திருவிழாவும் சேர்ந்து வரும் யூலை, ஓகஸ்ட்டில் கையில் காசோடு ஆட்கள் ஊரில் நிற்பார்கள். ஆனால் அந்த நாட்களில் பாதி ஆடி. ஆடியில் வீடு பார்ப்பார்கள், விலை பேசுவார்கள். உறுதி (காணிப் பத்திரம்) எழுத மாட்டார்கள். ஆவணி பிறந்து நல்ல நாள் பார்க்கும்போது பலருக்குத் திரும்பிப் போக இரண்டு கிழமைகூட இருக்காது. அதற்குள் எழுதி முடிக்கத் தயாராக இருக்கும் வீடுதான் அந்த வருடம் கைமாறும். ஆகவே ஆவணியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள்.

தை பிறந்ததும் கடதாசி வேலையைத் தொடங்க வேண்டும். உங்கள் உறுதியோடு வழி உறுதிகளையும் (காணி கைமாறி வந்த முந்திய உறுதிகள்) உறுதி எழுதும் நொத்தாரிசிடம் கொடுத்து, காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்காவது தேடச் சொல்லுங்கள். பேச்சு முறிவது அநேகமாக இந்தக் கட்டத்தில்தான். தகப்பன் காலமாகி எத்தனையோ வருடமாகியும் பெயர் மாறாத பங்கு, சீதன உறுதியில் எழுத மறந்த பொதுக் கிணற்று உரிமை, ஒழுங்கைப் பாதை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். உறுதியில் 4 பரப்பு என்றிருக்கும். அளந்தால் மூன்றரைதான் வரும். ஒரு பரப்பு 10 பேர்ச் என்பதால் குறைகிற அரைப் பரப்பு 5 பேர்ச். இன்றைய விலையில் அது சின்னத் தொகையல்ல. பழைய வரைபடம் இருந்தாலும் அயலவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு புதிதாக அளப்பித்து விடுங்கள். எல்லைச் சச்சரவு இருந்தால் மாசியிலேயே தெரிந்துவிடும், தீர்க்கவும் அவகாசம் கிடைக்கும்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு இன்னும் இரண்டு விசயம். பிரிபடாத பங்கை வெளியாருக்கு விற்பதென்றால் முதலில் வாங்கும் உரிமை உடன்பங்காளிகளுக்கு உண்டு. 1947ஆம் ஆண்டின் சட்டப்படி அவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் எழுதினால் வாங்கியவர் வழக்கில் மாட்டுவார். தெரிந்த நொத்தாரிசு எழுதவே தயங்குவார். மனைவி பெயரில் காணி இருந்தால் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் கேட்பார்கள். அவர் வெளிநாட்டில் இருந்தால் அற்றோர்ணித் தத்துவம் (அவருக்காக இன்னொருவர் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) அங்குள்ள இலங்கைத் தூதரகம் வழியாக வந்து சேர வேண்டும், அதற்கும் நாள் எடுக்கும்.

வரிக்கணக்கையும் இப்போதே பாருங்கள், விற்கும் தேதியை அதுவே மாற்றிவிடலாம். விற்றுக் கிடைக்கும் இலாபத்துக்கான மூலதன ஆதாய வரி தனிநபருக்கு 2025 ஏப்ரல் 1 முதல் 15 வீதம். விற்பவர் இலங்கையில் வதிபவராக இருந்து, வீடு விற்பனைக்கு முந்திய 3 வருடமும் தொடர்ச்சியாக அவருடையதாக இருந்து, அதில் குறைந்தது 2 வருடம் தன் பிரதான வதிவிடமாக அவர் அதில் குடியிருந்திருந்தால் விலக்கு உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்பில் பிள்ளையோடு போயிருக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வெளியேறி ஒரு வருடம் தாண்டினால் அந்த 2 வருடக் கணக்கு உடைந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் அடுத்த திருவிழாவுக்குக் காத்திருக்காமல் முந்தி விற்பதே நல்லது. விலக்கு இல்லாதவர்கள், வீடு 2017 செப்டெம்பர் 30 அன்று தங்கள் கையில் இருந்திருந்தால், அன்றைய சந்தைப் பெறுமதிக்கு மதிப்பீட்டறிக்கை எடுத்து வையுங்கள். ஆதாயம் அதிலிருந்துதான் கணக்கிடப்படும்.

சுவருக்கு வருவோம். சுண்ணாம்புக் கல்லால் கட்டிய பழைய வீடுகளில் மாரி முடிந்தபின்னும் கீழ் இரண்டு மூன்று அடி ஈரம் குடித்தபடியே இருக்கும். தையில் பெயின்ட் அடித்தால் சித்திரைக்குள் உப்புப் பூத்து உரியும். பங்குனி வரை காயவிட்டுச் சுரண்டி, உதிர்ந்த இடத்துக்குச் சுண்ணாம்புச் சாந்தே பூசுங்கள். சீமெந்து பூசி மறைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். வாங்க வருபவர் கூட்டிவரும் மேசன் விரலால் தட்டியே கண்டுபிடித்துவிடுவார்.

கிணறு நேர்மாறு. தையில் நல்ல தண்ணீராக இருப்பது, நீர்மட்டம் இறங்கும் ஆடி ஆவணியில் பல இடங்களில் உவர்க்கத் தொடங்கும். வாங்குபவர் வாயில் வைத்துப் பார்ப்பதும் அப்போதுதான். ஆனியில் மாதிரி எடுத்துப் பரிசோதித்து அறிக்கையைக் கையில் வைத்திருங்கள். தோட்டக் காணிகளுக்கு அண்மையில் என்றால் உரத்திலிருந்து தண்ணீரில் இறங்கும் நைத்திரேற்றும் பார்க்கச் சொல்லுங்கள், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வளவில் வெள்ளம் நிற்காது என்பதைக் காட்ட, கார்த்திகை அடைமழையில் படலையையும் ஒழுங்கையையும் சேர்த்துப் படம் எடுத்து வைப்பது போதும்.

உள்ளூரில் வங்கிக் கடனோடு வாங்குபவர்களுக்குத் திருவிழாக் கணக்கு பொருந்தாது. அங்கீகரித்த கட்டட வரைபடம், சோலை வரி (உள்ளூராட்சிக்குக் கட்டும் ஆதன வரி) கட்டிய பற்றுச்சீட்டு, வீதி எல்லையைக் காட்டும் வீதிக் கோட்டுச் சான்றிதழ் இருந்தால் அவர்களுக்கு மாசியிலேயே காட்டலாம்.

வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் முற்பணம் வாங்குமுன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இரட்டைப் பிரசாவுரிமைச் சான்றிதழ் இருக்கிறதா? 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி அது இல்லாத வெளிநாட்டுப் பிரசைக்குக் காணியை விற்று எழுதிக் கொடுக்க முடியாது. விண்ணப்பித்திருக்கிறேன் என்பவருக்காக ஆவணியை விட்டுவிட்டால், புரட்டாதியில் ஊர் வெறுமையாகி, ஐப்பசியில் மழையும் தொடங்கிவிடும்.