ராச்செஸ்டரில் பஸ் ஏற முதலில் கார் வேண்டும்

அமெரிக்காவில் பஸ்ஸே கிடையாது, எல்லாரும் கார்தான் என்று தருமபுரியில் என்னிடம் சொல்லி அனுப்பினார்கள். அது தப்பு. நியூயார்க் மாநிலத்தில் ஒன்டாரியோ ஏரிக்கரையோரம் இருக்கிற ராச்செஸ்டரில், மகன் வீட்டில் சில மாதம் தங்கிவிட்டு வந்தேன். அங்கே பஸ் இருக்கிறது, அதுவும் நம் பஸ்ஸைவிட நல்ல பஸ். வயதானவர்கள் ஏறும்போது வண்டி ஒரு பக்கமாகத் தாழ்ந்து கொடுக்கிறது, சக்கர நாற்காலிக்குப் பலகை விரிகிறது, முன்பக்கம் சைக்கிளை மாட்டிக்கொள்ளக் கம்பிச் சட்டம் வைத்திருக்கிறார்கள். கட்டணம் எங்கே போனாலும் ஒரு டாலர். 2008-இல் ஒன்றேகால் டாலரிலிருந்து இறக்கினார்களாம், நான் போனபோதும் அதே ஒரு டாலர்தான். கண்டக்டர் இல்லை, சில்லறைச் சண்டையும் இல்லை. இறங்குகிறவர்கள் டிரைவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இவ்வளவும் இருந்து, நான் போன நேரத்திலெல்லாம் பாதி சீட் காலியாகவே ஓடியது.

ஏன் என்று புரிய அதிக நாள் ஆகவில்லை. மகன் வீடு ஹென்ரியட்டா என்கிற புறநகரில். பெரிய பெரிய கடைகள், அந்தக் கடைகளைவிடப் பெரிய கார் நிறுத்துமிடங்கள். இந்திய மளிகைக் கடை காரில் போனால் ஐந்து நிமிடம். சரி, நடந்தே போய்விடலாம் என்று கிளம்பினால் பாதி வழியில் நடைபாதை நின்றுவிடுகிறது, அப்புறம் புல்தரை, அதையும் தாண்டினால் அகல ரோடு, அதைக் கடக்கிற சிக்னல் எங்கேயோ கண்ணுக்கு எட்டாத தூரத்தில். "அத்தை, நீங்க தனியா போகாதீங்க, நான் வேலை முடிச்சு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்பாள் மருமகள். பாசமாகத்தான் சொல்கிறாள். ஆனால் வேலைக்குப் போன காலமெல்லாம் பாலக்கோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்தவளுக்கு, ஒரு கட்டு கொத்தமல்லிக்கு சாயங்காலம் வரை காத்திருப்பது எப்படி இருக்கும் சொல்லுங்கள். கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மகன் ஆபீஸ் போகிற வழியில் பெரிய ரோட்டில் பஸ் நிற்கும் இடத்தில் என்னை இறக்கிவிடுவான், அங்கிருந்து நான் ஊருக்குள் போய் நூலகம், ஆற்றங்கரை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்புவேன். அதாவது பஸ் ஏறுவதற்கு எனக்கு ஒரு கார் தேவைப்பட்டது.

இது அங்கே இருக்கிற அதிகாரிகளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. 2021 மே மாதம் வழித்தடங்களை அடியோடு மாற்றியமைத்தார்கள். ஆள் நெருக்கமாக வசிக்கிற நகரத்துக்குள் முக்கியமான தடங்களில் வாரநாள் பகலில் கால் மணிக்கு ஒரு பஸ் என்றும், ஹென்ரியட்டா மாதிரிப் பரந்து கிடக்கிற இடங்களில் பெரிய பஸ்ஸைக் குறைத்துக்கொண்டு, போனில் பதிவு செய்தால் வருகிற சின்ன வண்டி என்றும் பிரித்தார்கள். இருக்கிற டிரைவர்களையும் டீசலையும் வைத்துக்கொண்டு எல்லாத் தெருவுக்கும் மணிக்கு ஒரு பஸ் விடலாம், இல்லை சில ரோட்டில் மட்டும் கால் மணிக்கு ஒன்று விடலாம், இரண்டையும் சேர்த்துச் செய்ய எந்த ஊரிலும் காசு கிடையாது. அவர்கள் தேர்ந்தெடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். மணிக்கு ஒரு தரம் வருகிற பஸ்ஸை நம்பி யாரும் காரை விற்கப் போவதில்லை. பெரிய ரோட்டிலிருந்து தள்ளிக் குடியிருக்கிற பாட்டிகளுக்குத்தான் இந்த ஏற்பாட்டால் சிரமம், அந்தப் பாட்டிகளில் நானும் ஒருத்தி.

அந்த ஊர் இப்படி ஆன கதை எனக்கு ரொம்ப சுவாரஸ்யமாக இருந்தது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈரி கால்வாய் ராச்செஸ்டர் நடுவாக ஓடியது, ஜெனசி ஆற்றையே ஒரு கல் பாலத்தின் மேல் தண்ணீரோடு கடந்தது. பிறகு கால்வாயை ஊருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள், நடு ஊரில் வறண்ட பள்ளம் மிச்சமானது. அந்தப் பள்ளத்தில் தண்டவாளம் போட்டு, மேலே மூடி ரோடு அமைத்து, 1927 டிசம்பரில் சுரங்க ரயில் விட்டார்கள். அமெரிக்காவிலேயே சுரங்க ரயில் கட்டிய மிகச் சிறிய நகரம் அதுதான் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 1956 ஜூன் முடிவில் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாதையின் ஒரு பகுதியில் இன்றைக்கு 490 என்கிற நெடுஞ்சாலை ஓடுகிறது. ரயில் ஓடிய பள்ளத்தில் கார் ஓடுகிறது, அவ்வளவுதான்.

அதே காலத்தில்தான் நகர மையத்தைச் சுற்றி இன்னர் லூப் என்று ஒரு வளைய நெடுஞ்சாலையைத் தோண்டினார்கள். 1950-களில் தொடங்கி 1965 வாக்கில் முடித்தார்கள், தரைமட்டத்துக்குக் கீழே, அகழி மாதிரி. வழியில் இருந்த வீடும் கடையும் போயின. புறநகரிலிருந்து காரில் வருகிறவர் வேகமாக வந்து வேகமாகத் திரும்புவதற்கான ரோடு அது. திரும்பிப் போனவர்கள் அப்படியே போய்விட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 1950-இல் நகரத்தின் மக்கள்தொகை 3,32,488, 2020-இல் 2,11,328. கேமராவும் ஃபிலிமும் செய்த அந்த ஊர் கோடக் கம்பெனி படுத்ததுதான் காரணம் என்று நம்மவர்கள் உடனே சொல்வார்கள். கோடக்குக்கு 1982-இல் அந்த ஊரில் மட்டும் 60 ஆயிரத்துக்கு மேல் ஊழியர்கள், 2012-இல் திவால் மனு, அதெல்லாம் உண்மைதான். ஆனால் நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்த மன்றோ கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) கணக்கைப் பாருங்கள்: 1950-இல் 4.87 லட்சம், 2020-இல் 7.59 லட்சம். ஊர் தேயும்போது சுற்றுவட்டாரம் ஊதியிருக்கிறது. ஜனங்கள் வெளியே பரவிவிட்டார்கள், பரவியவர்கள் பின்னால் பஸ் போக முடியவில்லை.

இப்போது அந்த அகழியை மூடிக்கொண்டிருக்கிறார்கள். கிழக்குப் பகுதியை 2014 முதல் 2017-க்குள் மண் போட்டு நிரப்பி, சாதாரணத் தெருவாக்கி, இரண்டு பக்கமும் அடுக்குமாடி வீடும் கடையும் கட்டியிருக்கிறார்கள். நான் அந்தத் தெருவில் நடந்தேன், பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை, சைக்கிள் பாதை இருக்கிறது, மரம் இன்னும் வளரவில்லை. ஆனால் ஒரு பாட்டி நடக்க முடிகிற தெரு. அடுத்து வடக்குப் பகுதியையும் மூடத் திட்டம் போட்டிருக்கிறார்கள். தோண்டவும் அரசுப் பணம், மூடவும் அரசுப் பணம்.

இதையெல்லாம் பார்த்தபோது நம் ஊர் ரயில் நினைவுக்கு வராமல் இருக்குமா. எங்கள் தாத்தா காலத்துப் பேச்சில் "சின்ன ரயில்" என்று ஒன்று அடிக்கடி வரும். பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோகவென்று போட்ட, இரண்டரை அடி அகலமே உள்ள தண்டவாளப் பாதை. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல், அது 1913-இல் ஓசூர் வரை நீண்டது. 1941-இல், உலகப்போர் சமயத்தில், இரண்டையும் மூடிவிட்டார்கள். ராச்செஸ்டர்காரர்கள் நமக்குப் பதினைந்து வருடம் பிந்தித்தான் மூடினார்கள்! தருமபுரிக்குப் பின்னாளில் சேலம் - பெங்களூரு ரயில் பாதை வந்தது. கிருஷ்ணகிரிக்கு இன்றுவரை ரயில் நிலையம் இல்லை. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகி, பெரிய பெரிய நெடுஞ்சாலைகள் சந்திக்கிற சந்திப்பாகி, மாங்காய் லாரி இரவெல்லாம் ஓடுகிற மாவட்டத் தலைநகரத்துக்கு ரயில் இல்லை. மொரப்பூர் - தருமபுரி புதுப் பாதைக்கு, வெறும் 36 கிலோமீட்டர், 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். நிலம் எடுக்கிற கட்டத்திலேயே வருடங்கள் போய்விட்டன. அந்தப் பாதை வந்தால் சென்னைக்குப் போகிற மெயின் லைனை தருமபுரியிலிருந்தே பிடிக்கலாம். இப்போது மொரப்பூருக்குப் பஸ்ஸில் போய், பெட்டியோடு இறங்கி, ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். எடுத்ததைத் திரும்பப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அமெரிக்கா வரை போகத் தேவையே இல்லை.

இனி தருமபுரி பைபாஸ் விஷயத்துக்கு வருகிறேன். நான்கு வழிச் சாலை வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை, பெங்களூருக்கும் சேலத்துக்கும் போகிற லாரி எல்லாம் ஊருக்குள் நான்கு ரோடு சந்திப்பில் நுழைந்த காலத்தை மறக்கவில்லை. ஆனால் லாரியோடு பஸ்ஸும் ஊருக்கு வெளியே போய்விட்டது. பெங்களூரிலிருந்து சேலம் போகிற வண்டியில் ஏறும்போதே "தருமபுரி பைபாஸ்தான், ஊருக்குள்ள போகாது" என்று கண்டக்டர் சொல்லிவிடுவார். பகலில் பரவாயில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மேம்பாலத்தடியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள் என்றால், பையைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் இருட்டில் நடக்க வேண்டும், ஆட்டோ இருந்தால் அவர் சொல்வதுதான் விலை, பெங்களூரிலிருந்து வந்த டிக்கெட்டையே தொடும். ஒரு தடவை என்னோடு இறங்கிய பெண், கைக்குழந்தையோடு, பெண்ணாகரம் பக்கம் போக வேண்டியவள், விடியும் வரை பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தாள். நெடுஞ்சாலையை நம்பித்தான் நம் மாவட்டத்து ஆட்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் கட்டட வேலைக்குப் போகிறார்கள். அந்த ரோடு அவர்களை ஊர் எல்லையில் விட்டுவிடுகிறது.

இப்போது நம்மிடம் இருக்கிற நல்லதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அமெரிக்கா போய்வந்தவர்கள் நம் ஊரை மட்டம் தட்டுவதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. காலையில் இண்டூர் பஸ்ஸிலும் பாப்பாரப்பட்டி பஸ்ஸிலும் ஏறிப் பாருங்கள், பூக்கூடை, கீரைக்கட்டு, கல்லூரிப் பெண்கள், ஆஸ்பத்திரிக்கு ஃபைலோடு போகிற அம்மாக்கள். 2011 கணக்குப்படி இந்த மாவட்டத்தில் 15 லட்சம் பேர், ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமத்தில். ஆனாலும் கிராமம் என்றால் வீடுகள் ஒட்டி ஒட்டி, நடுவில் ஒரு பஸ் நிறுத்தம், எல்லாரும் நடந்து வந்து ஏறலாம். ராச்செஸ்டர் கோடிக்கணக்கில் செலவு செய்து உண்டாக்கப் பார்க்கிறது இந்த அமைப்பைத்தான். நாமோ அதை ரோட்டோர பிளாட் போட்டுக் கலைத்துக்கொண்டிருக்கிறோம். கலெக்டர் ஆபீஸ் தாண்டி நெடுஞ்சாலைப் பக்கம் போனால், பஸ் நிற்காத இடமாகப் பார்த்து மனைப்பிரிவு, அங்கே வீடு கட்டுகிறவர் வீட்டுக்கு இரண்டு டூ வீலர் வாங்கியே ஆக வேண்டும்.

நம் பஸ்ஸில் குறை என்றால் கூட்டத்தைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. நேரம் தெரிவதில்லை, அதுதான். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று டவுன் பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரைக் கேட்டால் மூன்று பதில் வரும். ஒரு நாள் வருகிற டிரிப் மறுநாள் ரத்தாகிவிடும், யாரும் எழுதி ஒட்டுவதில்லை. ராச்செஸ்டரில் ஒரு பாதி காலி பஸ்ஸை நான் நம்பியதற்குக் காரணம், கம்பத்தில் ஒட்டியிருந்த நேரத்துக்கு அது வந்ததுதான். நம் ஊரில் பையன்கள் பதினெட்டு வயது முடிந்ததும் (முடியாமலும்தான்) பைக் கேட்டு அடம் பிடிப்பதற்கு இதில் பாதிப் பங்கு உண்டு.

பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோகிற பேச்சு தருமபுரியில் பல வருடமாக ஓடுகிறது. நெரிசலைப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் இன்றைக்கு டவுன் பஸ்ஸும் வெளியூர் பஸ்ஸும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால்தான், கிராமத்திலிருந்து காசில்லாமல் வருகிற ஒரு அம்மா அப்படியே நடந்துபோய் சேலம் வண்டி ஏறுகிறாள். நிலையம் வெளியே போனால் இடையில் ஒரு ஆட்டோ சவாரி முளைத்துவிடும். சென்னையில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தை 2023 டிசம்பர் முடிவில் திறந்தார்கள், பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகாமலே திறந்தார்கள், மூட்டையோடு ஜனங்கள் பட்ட பாட்டை டிவியில் எல்லாரும் பார்த்தோம். ராச்செஸ்டர் 2014-இல் புது பஸ் நிலையம் கட்டியபோது நட்ட நடு ஊரில் கட்டியது, பனியில் தெருவில் நின்றவர்கள் கூரைக்குள் வந்தார்கள். அந்த ஊரில் கார் நிறுத்தவே நிலம் கொட்டிக் கிடக்கிறது, வெளியே கட்டியிருந்தால் இன்னும் மலிவாக முடிந்திருக்கும்.

அதனால் நிலையத்தை மாற்றத்தான் போகிறார்கள் என்றால் மாற்றட்டும். இண்டூர், பாலக்கோடு, பெண்ணாகரம், அரூர் டவுன் பஸ்கள் ஒவ்வொன்றும் புது நிலையம் வரை போகுமா, போனால் அங்கேயும் பெண்களுக்கு டிக்கெட் இல்லாமல் ஓடுமா, ராத்திரி பத்து மணிக்கு மேல் பைபாஸில் இறங்குகிறவரை ஊருக்குள் கொண்டுவர எந்த வண்டி, எத்தனை மணிக்கு. இந்த மூன்றுக்கும் பதிலை நேரத்தோடு எழுதி, அடிக்கல் நாட்டும் முன்பே இப்போதைய பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டட்டும்.