முப்பது மில்லிமீட்டர்: சஸ்பென்ஷன் நாட்குறிப்பு

ஜனவரி 9

ஓடோமீட்டர் இன்று 1,10,000 கிலோமீட்டரைத் தாண்டியது. வேகத்தடை ஏறி இறங்கிய பிறகும் கார் இரண்டு மூன்று முறை ஊஞ்சல் ஆடுகிறது. வேகமாகப் போகும்போது லேன் மாறினால் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டு மெதுவாகத்தான் நிமிர்கிறது. வீட்டுக்கு வந்ததும் சக்கர இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்பக்க வலது ஷாக் அப்சார்பரின் சீல் கசிந்து, எண்ணெய் உடல் முழுக்க வழிந்திருக்கிறது. அதன்மேல் தூசி அப்பி, விரலால் தொட்டால் கருப்பாக ஒட்டுகிறது.

எப்படியும் நாலு ஷாக்கையும் மாற்றியாக வேண்டும். காரைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இரண்டையும் ஒரே தடவையில் முடித்தால் கழற்றி மாட்டும் கூலி ஒருமுறை, அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செலவும் ஒருமுறை. கையைக் கடிக்காமல் செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

ஜனவரி 13

கேட்டவர்களில் பாதிப் பேர், “ஸ்பிரிங்கில் ஒரு சுருளை வெட்டி எடுத்துவிடு, காசே ஆகாது” என்கிறார்கள். மாட்டேன். ஸ்பிரிங்கின் நுனி அதன் இருக்கைக்கு ஏற்றபடி வளைக்கப்பட்டது. வெட்டிய முனை அதில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும் நேரத்தில் ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறினால் அது உயிர் விஷயம்.

விறைப்புக் கணக்கும் இருக்கிறது. வேலை செய்யும் சுருள் ஆறில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும். ஆனால் எவ்வளவு இறங்கும், எவ்வளவு விறைக்கும் என்பதை நம்மால் தனித்தனியாகத் தீர்மானிக்க முடியாது. தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங்கில் கம்பியின் தடிமனையும் சேர்த்து மாற்றுகிறார்கள். தடிமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப விறைப்பு ஏறும். மற்ற அளவுகள் மாறாமல் 12 மி.மீ. கம்பி 13 ஆனாலே சுமார் 38 சதவீதம் கூடுதல்.

ஜனவரி 21

ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே செட்டாக வரும் காயில்ஓவர் ஆசையை விட்டுவிட்டேன். உயரத்தைத் திருகித் திருகி மாற்றும் வசதி எனக்குத் தேவையில்லை. அவற்றில் மலிவாகக் கிடைப்பவற்றின் ஷாக்கை நம்பவும் மனம் வரவில்லை.

முடிவு இது: ஸ்பிரிங் பழையது, ஷாக் புதியது. ஸ்பிரிங் வெறும் எஃகு. துருவும் விரிசலும் இல்லாமல், பெயின்ட் உரியாமல் இருந்தால் இன்னும் பல வருடம் உழைக்கும். ஷாக்கின் உள்ளே சீல், வால்வு, எண்ணெய் என்று தேயும் பொருள்தான் எல்லாம். பழைய ஷாக்கை யார் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டேன். இதே மாடலிலிருந்து கழற்றிய 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் செட் ஒன்று கிடைத்தது. பாக எண்ணைச் சரிபார்த்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொரு சுருளாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்தேன். மிஞ்சிய பணம் முழுக்க ஷாக்கில் போட்டேன்.

ஏனென்றால் உயரத்தைத் தருவது ஸ்பிரிங். காரை அடக்குவது ஷாக். விறைப்பு 25 சதவீதம் கூடினால், ஆட்டம் முன்போலவே அடங்க ஷாக்கின் எதிர்விசை சுமார் 12 சதவீதம் கூட வேண்டும். வர்க்கமூலக் கணக்குதான். ஓய்ந்துபோன ஷாக்கின்மேல் விறைப்பான ஸ்பிரிங்கை ஏற்றினால் கார் பந்து மாதிரி குதிக்கும். நான் வாங்கியது தாழ்த்திய காருக்கென்று உடல் குட்டையாகச் செய்த, எண்ணெயோடு அழுத்த வாயுவும் அடைத்த கேஸ் ஷாக்.

பிப்ரவரி 8

காலையிலிருந்து மாலை வரை வேலை. தம்பி கூட இருந்தான். மெக்கானிக் அண்ணன், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸரோடு வந்தார்.

முதலில் நாலு சக்கரத்திலும் மையத்திலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு) விளிம்பு வரை மி.மீ. கணக்கில் அளந்து எழுதினேன். முன் இடது 378, வலது 376, பின்னால் இரண்டும் 372. காரை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகுதான் கை வைத்தோம். கம்ப்ரஸரின் இரண்டு கொக்கியையும் எதிரெதிரே மாட்டி, மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினார் அண்ணன். “இதுக்கு நேரா தலையை நீட்டாதே தம்பி” என்று என்னை ஓரமாக நிற்கச் சொன்னார். ஸ்பிரிங் இருக்கையை விட்டுக் கழன்றதும்தான் மேல் நட்டைத் தொட்டார்.

கழற்றிய பழைய ஷாக்கின் தண்டைக் கையால் அழுத்தினேன். எதிர்ப்பே இல்லாமல் சர்ரென்று உள்ளே போய் அங்கேயே நின்றுவிட்டது. புதியதை அழுத்த உடம்பின் பாரத்தையே கொடுக்க வேண்டியிருந்தது. கையை எடுத்ததும் நிதானமாக, தானாகவே, முழு நீளத்துக்கும் எழுந்து வந்தது. அதை மூன்று முறை செய்து பார்த்தேன்.

ஷாக்கின் மேல்முனையைக் காரின் உடலோடு பிணைக்கும் டாப் மவுண்ட், அதன் பேரிங், ஷாக் கடைசிவரை அமுங்கும்போது மோதலைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் எல்லாம் புதிது. இவற்றில் மிச்சம் பிடித்தால் பின்னால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டிவரும். சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும் ஸ்பிரிங் இருக்கையில் பிடிப்போடு இருக்கிறதா என்று நாலு பக்கமும் கையால் அசைத்துப் பார்த்தோம்.

ரப்பர் புஷ் (இணைப்பில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளை) உள்ள போல்ட்டுகளைத் தொங்கிய நிலையில் இறுக்கவே கூடாது. இறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு சீக்கிரம் கிழியும். சக்கரம் மாட்டி, காரைத் தரையில் இறக்கி, முழு எடையும் விழுந்த பிறகுதான், குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சை எடுத்தோம்.

இறக்கியதும் முன்னால் 352, 350. இருபத்தாறு மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கிறது. ஓட ஓட இன்னும் கொஞ்சம் உட்காரும்.

பிப்ரவரி 9

ஸ்டீயரிங் லேசாக ஒரு பக்கம் நிற்கிறது. உயரம் மாறியதால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணம் மாறி, டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) விலகியிருக்கிறது. இப்படியே ஓட்டினால் டயர் தேயும். அதனால் டோவை மட்டும் இன்றே சரிசெய்தேன். ஹெட்லைட் சாய்வையும் சுவரில் கோடு போட்டு மறுபடி வைத்தேன்.

பிப்ரவரி 15

பின்பக்கம் சின்னப் பள்ளத்தில்கூட டக் டக் என்று ஒரு சத்தம். இரண்டு நாள் தூக்கமே இல்லை. இன்று சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் இடது பின் ஸ்பிரிங்கின் அடி ரப்பர் கால் அங்குலம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. சுருளின் நுனி அதன் பள்ளத்தில் விழவில்லை. திருப்பி வைத்ததும் சத்தம் நின்றது.

பிப்ரவரி 24

600 கிலோமீட்டர் ஆனது. முன்னால் 348, 346. சரியாக முப்பது. இன்று முழு அலைன்மென்ட்.

கார் மாறிவிட்டது. அதே வேகத்தடையில் ஒருமுறை ஏறி, ஒருமுறை இறங்கி, அவ்வளவோடு அடங்குகிறது. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணமே மூக்கு திரும்புகிறது. சின்னச் சின்ன ஒட்டுப்போட்ட சாலையில் முன்பைவிட அதிகம் தெரிகிறது, அது உண்மை. ஆனால் தூக்கிவாரிப் போடவில்லை.

ஐம்பது மி.மீ. தாழ்த்தியிருக்கலாமே என்று தம்பி கேட்டான். முன்னால் இருப்பது மெக்பர்சன் ஸ்டிரட்: ஷாக்கே சக்கரத்தை மேலே பிடிக்கும், கீழே ஒரு கை (கீழ்க்கை) பிடிக்கும். அளவுக்கு மீறி இறக்கினால் கீழ்க்கை கிடைமட்டத்தைத் தாண்டி வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாயும். அப்போது ரோல் சென்டர், அதாவது வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, காரின் எடை மையத்தைவிட அதிகமாக இறங்கிவிடும். தாழ்த்தியும் சாய்வு குறையாது. பம்ப் ஸ்டாப்பை எட்டும் தூரமும் போய்விடும். படம் வரைந்து காட்டியதும் ஒத்துக்கொண்டான்.

மார்ச் 3

ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான். பெரிய பள்ளம் ஒன்றில் மட்டும் பின்பக்கம் பம்ப் ஸ்டாப்பைத் தொட்டது, மெத்தென்று. திரும்பி வந்து ஃபெண்டரின் உள்விளிம்பைத் தடவிப் பார்த்தேன். டயர் உரசிய தடம் இல்லை. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடாமல் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை டார்க் ரெஞ்சால் பார்த்துவிட வேண்டும்.